அலமாரியில் உறங்கும் முதல்

ரொக்கக் கடன் வசதி பெற்றுள்ள வணிகர்கள் மாதந்தோறும் வங்கிக்குச் சரக்கிருப்பு அறிக்கை அளிக்கின்றனர். அதனை நிரப்புவோரில் பலர், வங்கியின் பொருட்டுச் செய்ய வேண்டிய ஒரு சடங்காகவே அதைக் கருதுகின்றனர். கிளையில் அமர்ந்து அதனைப் படிக்கும் எங்களுக்கு அந்த ஒற்றைத் தாள் சில வேளைகளில் கவலையைத் தருவதுண்டு. விற்பனை சென்ற ஆண்டின் அளவிலேயே நிற்கும். சரக்கிருப்பு மட்டும் ஒவ்வொரு மாதமும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டு வரும். மளிகைக் கடையாயின் தேங்கிய பொருள் கெட்டுத் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். பட்டும், வைரமும், கைக்கடிகாரமும் கெடுவதில்லை. விளக்கொளியில் அவை முதல் நாள் போலவே மின்னுகின்றன. அதனால் அவற்றின் தேக்கம் உரிமையாளரின் கண்ணுக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது.

உயர்விலைப் பொருள்களை விற்கும் வணிகத்தில் விற்பனையையும் கொள்முதலையும் பணத்தையும் ஒரே திட்டத்தில் இணைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்கவிருக்கும் பாடம். மேலாண்மை நூல்களில் இதற்கு ‘சேல்ஸ் அண்ட் ஆப்பரேஷன்ஸ் பிளானிங்’ என்று பெயர். 1980களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவான முறை இது. விற்பனைப் பிரிவு ஓர் எண்ணையும், உற்பத்திப் பிரிவு வேறோர் எண்ணையும், நிதிப் பிரிவு மூன்றாவதோர் எண்ணையும் வைத்துக்கொண்டு இயங்கியதால் நேர்ந்த இழப்பைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். மாதம் ஒரு முறை மூவரும் கூடி, அடுத்து வரும் மாதங்களுக்கு ஒரே எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும். முறையின் சாரம் இவ்வளவே.

இதனைப் பெருநிறுவனங்களுக்குரியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெருநிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன.

பர்பெரி என்னும் பிரித்தானிய ஆடை நிறுவனம், 2018 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருள்களை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையில் தெரிவித்தது. எழுந்த கண்டனத்தால் அதே ஆண்டு செப்டம்பரில் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கார்த்தியே உள்ளிட்ட பல கடிகாரப் பெயர்களின் உரிமையாளரான ரிச்மோன்ட் குழுமத்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 2012க்குப் பின் சீன அரசு அதிகாரிகளுக்குப் பரிசளிக்கும் வழக்கத்தின் மீது கெடுபிடி காட்டத் தொடங்கியதும், ஹாங்காங் உள்ளிட்ட ஆசியச் சந்தைகளில் விலையுயர்ந்த கடிகாரங்களின் விற்பனை சரிந்தது. முகவர்களின் கடைகளில் கடிகாரங்கள் குவிந்தன. அவை தள்ளுபடி விலைக்குச் சந்தையில் இறங்கிவிடுமோ என்று அஞ்சிய குழுமம், இரண்டு நிதியாண்டுகளில் சுமார் 48 கோடி யூரோ மதிப்புள்ள கடிகாரங்களைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டது. அவற்றில் பலவற்றைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியது.

விற்காததைப் பாதி விலைக்கு விற்றுவிட்டால் ஆகாதா என்று நமக்குத் தோன்றும். உயர்விலைப் பொருளில் விலையே ஒரு வாக்குறுதி. மூன்று இலட்சம் கொடுத்து வாங்கியவர், ஆறு மாதம் கழித்து அதே பொருள் ஒன்றரை இலட்சத்திற்கு விற்கக் கண்டால், தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார். அவர் மட்டுமன்றி அவருடைய உறவும் நட்பும் அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கும். ஆகவே இவ்வணிகத்தில் தவறான கொள்முதலைத் தள்ளுபடியால் திருத்தும் வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. தவற்றை முன்கூட்டியே, கொள்முதல் ஆணையை எழுதும்போதே, தவிர்க்க வேண்டும். பர்பெரி எரித்தது தன் பணத்தில் செய்த பொருளை. நம் நாட்டுக் கடைக்காரரின் அலமாரியில் இருப்பதோ பெரும்பாலும் கடனில் வாங்கிய பொருள்.

ஒரு பட்டுக் கடையின் கணக்கு

எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் ஒரு பட்டுக் கடை இருப்பதாகக் கொள்வோம். காஞ்சிபுரம் கோர்வைப் பட்டும், காசியில் நெய்த கடுவா வேலைப்பாட்டுச் சேலைகளும் அங்கு விற்கப்படுகின்றன. ஆண்டு விற்பனை ரூ. 4 கோடி. விற்ற சரக்கின் அடக்கவிலை ரூ. 2.40 கோடி. சராசரிச் சரக்கிருப்பு ரூ. 1.20 கோடி, அதாவது சரக்கு ஆண்டிற்கு இருமுறை புரள்கிறது. தந்தை கல்லாவில் அமர்கிறார். மூத்த மகன் நெசவாளர்களிடம் சென்று கொள்முதல் செய்கிறார். மருமகள் கணக்கையும் வங்கியையும் பார்த்துக்கொள்கிறார். எண்கள் நாம் விளக்கத்திற்காக அமைத்தவை. குடும்ப அமைப்பு மட்டும் வாசகர்கள் பலருக்கும் பழக்கமானதாக இருக்கலாம்.

ரூ. 60,000 விலைப் பிரிவில் உள்ள முகூர்த்தப் பட்டை எடுத்துக்கொள்வோம். அடக்கவிலை ரூ. 36,000. விற்றால் ரூ. 24,000 மிஞ்சும். பருவம் முடிந்தும் விற்காவிட்டால், வேறோர் ஊர் வணிகருக்கு ரூ. 26,000க்குத் தள்ளிவிடலாம், அதில் ரூ. 10,000 இழப்பு. ஒன்பது மாதம் அந்த முதல் முடங்கிக் கிடந்ததற்குப் பத்து விழுக்காட்டில் வட்டி ரூ. 2,700. ஆக, விற்காத சேலை ஒவ்வொன்றும் ரூ. 12,700ஐக் கொண்டுபோகிறது.

பெருந்தொற்றுக் காலத்தைத் தவிர்த்து, பத்துப் பருவங்களில் இப்பிரிவில் விற்ற எண்ணிக்கையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 62, 68, 74, 77, 80, 84, 88, 95, 104, 118 என்று வருகிறது. சராசரி 85. வரும் பருவத்திற்கு எத்தனை வாங்குவது?

தந்தை 120 என்கிறார். 118 விற்ற அந்தப் பருவம் அவர் நினைவில் பசுமையாக இருக்கிறது. மகனுக்கும் அதில் விருப்பமே. மொத்தமாக எடுத்தால் நெசவாளர் விலையில் சற்று இறங்குவார். கணக்குப் பார்ப்பவர் 80 போதும் என்கிறார். மூவரும் தத்தம் இருக்கையிலிருந்து பார்த்தால் மூவர் சொல்வதும் சரியே. ஆகவே விவாதத்தைக் குரலின் உயரத்தால் தீர்க்காமல், கடைசிச் சேலையைப் பற்றிய ஒரு கேள்வியால் தீர்க்கலாம்: இன்னும் ஒன்று வாங்கினால் அது விற்க எத்தனை வாய்ப்பு?

88ஆவது சேலை விற்க வேண்டுமானால் தேவை 88 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பத்தில் நான்கு பருவங்களில் அவ்வாறு இருந்துள்ளது. எதிர்பார்க்கும் ஆதாயம், ரூ. 24,000இல் பத்தில் நான்கு பங்கு, ரூ. 9,600. எதிர்பார்க்கும் இழப்பு, ரூ. 12,700இல் பத்தில் ஆறு பங்கு, ரூ. 7,620. வாங்கலாம். 89ஆவது சேலைக்குப் பத்தில் மூன்றே வாய்ப்பு, ஆதாயம் ரூ. 7,200, இழப்பு ரூ. 8,890. வாங்கலாகாது. 105ஆவது சேலைக்குப் பத்தில் ஒன்று, ஆதாயம் ரூ. 2,400, இழப்பு ரூ. 11,430. தந்தை கேட்ட 120ஆவது சேலை, பத்துப் பருவங்களில் ஒருமுறைகூட விற்றிருக்காது.

எனவே விடை 88. கணக்குப் பார்ப்பவர் சொன்ன 80ஐ விட அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். அச்சத்தால் குறைத்து வாங்குவதும் இழப்பே. 120க்கும் 88க்கும் இடையே உள்ள 32 சேலைகளின் அடக்கவிலை ரூ. 11,52,000.

இக்கணக்கின் வேர் வங்கித் தொழிலில்தான் இருக்கிறது என்பது எங்களுக்குச் சிறிது பெருமை தரும் செய்தி. பணம் எடுக்க வருவோருக்கு இல்லை என்று சொல்லாதிருக்க வங்கி எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை 1888ஆம் ஆண்டில் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர் நிகழ்தகவு கொண்டு ஆராய்ந்தார். கூடுதலாக வைத்தால் வட்டி போகும், குறைவாக வைத்தால் நம்பிக்கை போகும். சரக்கிருப்புக் கணிதத்தை விளக்கும் நூல்கள் இன்றும் அவரிடமிருந்தே கதையைத் தொடங்குகின்றன.

மேற்கண்ட கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். ஏட்டில் இருப்பது விற்ற எண்ணிக்கை. கேட்கப்பட்ட எண்ணிக்கை அன்று. 84 சேலைகளே இருந்த பருவத்தில் 84தான் விற்றிருக்க முடியும். கேட்ட நிறம் இல்லை என்று திரும்பிச் சென்ற குடும்பங்களை எந்த விற்பனை ஏடும் பதிவதில்லை. விற்பனையாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு குறிப்பேடு கொடுத்து, என்ன கேட்டார்கள், என்ன விலையில், எந்த நாள் திருமணத்திற்கு, ஏன் எடுக்கவில்லை என்ற நான்கையும் அன்றன்றே எழுதச் செய்யலாம். விலையுயர்ந்த எந்தக் கணினி மென்பொருளும் அந்தக் குறிப்பேட்டிற்கு ஈடாகாது என்பது எங்கள் கருத்து.

இன்னொரு சிக்கல், இவ்வணிகத்தில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்று என்பது. மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரையிட்ட சேலை இவ்வாண்டு எத்தனை விற்கும் என்று கேட்டால் விடை சொல்ல இயலாது. ரூ. 60,000 பிரிவில் சிவப்புச் சாயல் சேலைகள் எத்தனை விற்கும் என்று கேட்டால் ஓரளவு சொல்லலாம். முன்மதிப்பீட்டை எப்போதும் விலைப் பிரிவு, நெசவு வகை, நிறச்சாயல் என்ற தொகுப்பில் செய்ய வேண்டும்; தனித்தனிச் சேலையைத் தேர்வது கொள்முதல் செய்பவரின் கண்ணுக்குரிய வேலை. கிளைகள் உடைய கடைகள் இதே தொகுப்பு முறையை இருப்பிலும் பின்பற்றலாம். நான்கு கிளைகள், தேவையின் ஏற்ற இறக்கத்திற்காகத் தனித்தனியே வைத்திருக்கும் உபரி இருப்பை ஓரிடத்தில் சேர்த்தால், கிளைகளின் தேவை ஒன்றையொன்று சாராதிருக்கும்போது, ஏறக்குறையப் பாதியளவே போதும். இரண்டு இலட்ச ரூபாய்ச் சேலையை நான்கு கிளைகளிலும் வைப்பதற்குப் பதில், ஓரிடத்தில் வைத்து, வாடிக்கையாளர் வரும் நாளை முன்னரே கேட்டறிந்து அனுப்பிவைக்கும் கடைகள் இதனைத்தான் செய்கின்றன.

ஆனால் கையிருப்பில் ஒரு பகுதி காட்சிக்காகவே இருக்கும். பத்துச் சேலைகளை விரித்துக் காட்டினால்தான் ஒன்று விற்கும். அந்தப் பகுதியை விற்பனைக்குரிய சரக்காகக் கருதாமல் கடையின் அலங்காரச் செலவைப் போலத் தனியே எண்ணி, அதற்கு ஓர் உச்சவரம்பு வைப்பதே நேர்மையான கணக்கு.

மூன்று நாட்காட்டிகள்

தேவையைக் கணிப்பதில் இந்திய வணிகருக்கு மேலைநாட்டு நூல்கள் உதவாத இடம் ஒன்று உண்டு. அது நம் நாட்காட்டி. 2022இல் அக்டோபர் 24 அன்று வந்த தீபாவளி, 2023இல் நவம்பர் 12 அன்றும், 2024இல் அக்டோபர் 31 அன்றும், 2025இல் அக்டோபர் 20 அன்றும் வந்தது. 2026இல் அது நவம்பர் 8. சென்ற அக்டோபரோடு இந்த அக்டோபரை ஒப்பிட்டு, விற்பனை சரிந்துவிட்டதென்று பதறுவதும், நவம்பரைக் கண்டு மகிழ்வதும் வீண். அட்சய திருதியை நாளும் இவ்வாறே 2024இல் மே 10, 2025இல் ஏப்ரல் 30, 2026இல் ஏப்ரல் 19 என நகர்கிறது. ஒப்பீட்டை ஆங்கில மாதத்தை வைத்துச் செய்யாமல், பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரம், முகூர்த்தப் பருவம் என்ற அடிப்படையில் செய்ய வேண்டும்.

நமது பெங்களூருக் கடைக்கு இது மும்மடங்கு சிக்கல். அங்கு வருவோரில் கன்னடக் குடும்பங்கள் ஆஷாட மாதத்தில் திருமணம் செய்வதில்லை; அது சந்திரமானக் கணக்கு. தமிழ்க் குடும்பங்கள் ஆடியைத் தவிர்க்கின்றன, அது சூரியமானம். இராஜஸ்தான், குஜராத் குடும்பங்கள் சாதுர்மாஸ்யம் எனும் நான்கு மாதங்களில் திருமணம் வைப்பதில்லை. 2025இல் ஆஷாடம் ஜூன் 26இல் தொடங்கி ஜூலை 24இல் முடிந்தது. ஆடி ஜூலை 17இல் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்தது. ஒன்று ஓயும்போது மற்றொன்று தொடங்க, ஏழு வாரங்கள் ஏதேனும் ஒரு பிரிவினர் வராத காலமாயின. 2026இல் அதிக மாதம் ஒன்று இடையில் நுழைவதால் ஆஷாடம் பிந்தி, ஏறக்குறைய ஆடியின் மீதே வந்து படிகிறது. மந்தமான நாட்கள் குறைகின்றன. ஆனால் அந்நாட்களில் இரு பிரிவினரும் ஒருசேர வரமாட்டார்கள். அந்த அதிக மாதமான மே 17 முதல் ஜூன் 15 வரையும் சந்திரமானத்தைப் பின்பற்றுவோர் திருமணம் வைப்பதில்லை. இரண்டு அமாவாசை வரும் மாதத்தை மலமாதம் என்று தவிர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

வடஇந்தியக் குடும்பங்களுக்கு 2025இல் நவம்பர் முதல் நாட்களிலேயே முடிந்த சாதுர்மாஸ்யம் 2026இல் நவம்பர் 20 வரை நீள்கிறது. டிசம்பர் நடுவில் தனுர் மாதம் பிறந்துவிடும். ஆக, சென்ற ஆண்டில் ஆறு வாரம் இருந்த ஆண்டிறுதிப் பருவம் இவ்வாண்டு நான்கு வாரத்திற்கும் குறைவு. இதற்கெல்லாம் கணிதம் வேண்டியதில்லை, பஞ்சாங்கம் போதும். 2024 மே, ஜூன் மாதங்களில் வடஇந்தியாவில் முகூர்த்தங்கள் ஏறக்குறைய இல்லாமலே போனபோது, பஞ்சாங்கத்தைப் புரட்டியிருந்தவர்களுக்கு அது ஓராண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி.

தறியின் காலம்

தேவை ஒருபுறமிருக்க, பொருள் கைக்கு வரும் காலம் மறுபுறம். உடலையும் கரையையும் தனித்தனி ஊடை கொண்டு நெய்து இணைக்கும் கோர்வை முறையும், ஒவ்வொரு பூவையும் தனித்தனியே நூலேற்றி நெய்யும் கடுவா முறையும் அவசரப்படுத்தக் கூடியவை அல்ல. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குச் சில வாரம் முதல் சில மாதம் வரை பிடிக்கும். கார்த்திகை முகூர்த்தத்திற்கு வேண்டிய சேலையை வைகாசியிலேயே தறிக்குச் சொல்லிவிட வேண்டும். எந்த நிறம் எடுபடும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதற்கு நெசவிலேயே ஒரு வழி இருக்கிறது. பட்டு நூல் நெய்வதற்கு முன்பே சாயமேற்றப்படுகிறது. எனவே 88 சேலைகளுக்கும் வைகாசியிலேயே நிறம் சொல்ல வேண்டியதில்லை. எப்போதும் விற்கும் அரக்கு, மாம்பழ மஞ்சள் போன்ற நிறங்களில் 60க்கு உறுதியான ஆணை கொடுத்துவிட்டு, மீதி 28க்குத் தறியை மட்டும் முன்பதிவு செய்து, நூலைச் சாயமின்றி வைத்திருக்கச் சொல்லலாம். ஆடி முடிந்து முதல் சில வாரங்களின் விற்பனையைப் பார்த்து நிறத்தைச் சொன்னால், எளிய வேலைப்பாடுள்ளவை பருவத்திற்குள் வந்து சேரும். இதற்காக நெசவாளருக்குச் சிறிது கூடுதல் விலை கொடுப்பது நியாயம். அவர் தறியை நமக்காக நிறுத்திவைக்கிறார். அந்தக் கூடுதல் விலை, விற்காத ஒரு சேலையின் இழப்பைவிடக் குறைவாகவே இருக்கும்.

வாங்குவோர் காத்திருப்பார்களா என்பதும் ஒரு கேள்வியே. ஹெர்மேஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற பைகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கைவினைஞர் தைக்கிறார், வாங்குவோர் காத்திருக்கின்றனர், காத்திருப்பே அப்பொருளின் மதிப்பைக் கூட்டுகிறது. ஆனால் மணமகளுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவரிடம் ‘நெய்து தருகிறோம்’ என்று சொல்ல வேண்டுமானால் நான்கு மாதம் முன்னதாக அவர் கடைக்கு வந்திருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்திற்குச் சேலை எடுக்க வரும் குடும்பத்திடமே திருமண நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, முன்பணம் பெற்று, பெயர் நெய்த தனிச் சேலைக்கு ஆணை வாங்கும் கடைகள் இதனை நன்கு அறிந்தவை. அத்தகைய ஆணை ஒவ்வொன்றும் கணிப்புக்குரிய எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் குறைத்துவிடுகிறது.

பொன் நகைக்கடைகளுக்கு இக்கணக்கு சற்று மாறும். விற்காத பட்டைக் கிழித்தால் துணிதான். விற்காத பொன்னை உருக்கினால் பொன். போவது செய்கூலியும் சிறிது சேதாரமும். அதனால் நகையில் தேக்கம் ஆபத்தற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதனை நாங்கள் ஏற்பதற்கில்லை. செய்கூலி சிறிதானாலும் வட்டி முழுப் பொன் மதிப்பின் மீதும் ஏறுகிறது. விலையும் நம் கையில் இல்லை: 2024 ஜூலை 23 அன்று மத்திய வரவு செலவுத் திட்டம் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தபோது, பழைய வரி செலுத்திய பொன்னைத் தம் பணத்தில் வாங்கி வைத்திருந்தவர்களின் இருப்பு ஒரே நாளில் மதிப்பிழந்தது. வங்கியிடமிருந்து பொன்னையே கடனாகப் பெறும் தங்க உலோகக் கடனில், விலை இறங்கினால் திருப்பித் தர வேண்டிய கடனும் சேர்ந்தே இறங்குவதால், அந்த இடர் பெருமளவு தணிகிறது.

வங்கியின் பக்கத்திலிருந்து

இனி, அந்த 32 சேலைகளுக்கான ரூ. 11.52 இலட்சம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். சிறு நிறுவனங்களுக்கு ரூ. 5 கோடி வரையிலான நடைமுறை மூலதனத்தை மதிப்பிட, நாயக் குழுவின் பரிந்துரைப்படி அமைந்த எளிய முறை ஒன்று வழக்கில் உள்ளது. ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனமாக வேண்டும். அதில் 20 விழுக்காட்டை வங்கி தரும், 5 விழுக்காட்டை வணிகர் கொண்டுவர வேண்டும். நம் கடைக்கு இது ரூ. 80 இலட்சம்.

இந்த 25 விழுக்காட்டிற்குள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. ஆண்டில் கால் பங்கு என்றால், பணம் மூன்று மாதத்திற்கு ஒருமுறை சுற்றி வரும் என்று பொருள். நம் கடையில் சரக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறைதான் புரள்கிறது. உயர்விலைக் கடைகளுக்கு வங்கி தரும் வரம்பு எப்போதும் போதாதது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். வங்கி கஞ்சத்தனம் காட்டுவதாக வருந்துவோர் தம் சரக்குப் புரளும் வேகத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வரம்பு ரூ. 80 இலட்சம் என்பதால் அவ்வளவும் எடுத்துவிட முடியாது. சரக்கிருப்பு ரூ. 1.20 கோடியில், நெசவாளர்களுக்குத் தர வேண்டிய ரூ. 20 இலட்சத்தைக் கழித்து, மீதி ரூ. 1 கோடியில் 25 விழுக்காடு மார்ஜின் போக, எடுக்கத்தக்க தொகை ரூ. 75 இலட்சம். இங்கே ஒரு பொறி உள்ளது. சரக்கு கூடினால் எடுக்கத்தக்க தொகையும் கூடுகிறது. விற்பனை மந்தமாகிப் பொருள் தேங்கும்போது, கடன் எடுக்கும் வாய்ப்பு விரிவதாகக் கணக்கு காட்டும். பழைய சரக்கைத் தனியே பிரித்துக் காட்டுமாறு நாங்கள் கேட்பது அதனால்தான். மதிப்பு இழந்த சரக்கின் மீது கடன் எடுப்பது வணிகருக்கே கெடுதல்.

120 சேலைகள் வாங்கினால், வரம்பிற்குள் வங்கி தரக்கூடியது மேலும் ரூ. 5 இலட்சம். எஞ்சிய ரூ. 6.52 இலட்சத்தைக் குடும்பம் தன் சேமிப்பிலிருந்து போட வேண்டும். அல்லது நெசவாளருக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட வேண்டும். நடைமுறையில் இரண்டாவதே நேர்கிறது. அதற்குச் சட்டமும் இடந்தராது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழிலாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்கு மேல் தாமதிக்காமல் பணம் தர வேண்டும். அவ்வாறு தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட இயலாதென 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் விதித்தது. சட்டம் இருக்கட்டும். பணம் வராத நெசவாளர் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியாமல் தறியை நிறுத்துகிறார். நமக்கு மிகவும் தேவைப்படும் பருவத்தில் அத்தறி வேறொருவருக்கு நெய்துகொண்டிருக்கும், அல்லது எவருக்கும் நெய்யாமல் நின்றிருக்கும்.

ஆகவே மாதக் கூட்டத்தில் பணமும் ஓர் உறுப்பினராக அமர வேண்டும். மாதத்தின் முதல் வாரத்தில், கல்லாவில் இருப்பவர் சென்ற மாத விற்பனையையும் குறிப்பேட்டையும் கொண்டுவரட்டும். கொள்முதல் செய்பவர் எந்தத் தறியில் எது எப்போது இறங்கும் என்பதைக் கொண்டுவரட்டும். கணக்குப் பார்ப்பவர் அடுத்த ஆறு மாதத்திற்கு மாதவாரியாக வரவு, கொடுக்க வேண்டியது, வங்கியில் எடுக்கத்தக்க தொகை ஆகியவற்றைக் கொண்டுவரட்டும். ஒரு மணி நேரம் போதும். விலைப் பிரிவு வாரியாக ஒரே எண்ணை எழுதி மூவரும் கையொப்பமிட வேண்டும். குடும்பத்திற்குள் கையொப்பமா என்று சிரிப்பவர்களும் இருக்கலாம். ஆனால் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற பேச்சுக்கு அது ஒன்றே மருந்து. அடுத்த மாதம் கூடும்போது, எழுதிய எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டும். வேறுபாடு எப்போதும் ஒரே பக்கமாக, எண்ணியது கூடுதல், விற்றது குறைவு என்றே வந்தால், அது சந்தையின் குறையன்று, எண்ணுபவரின் ஆசை.

அந்தத் தாளின் ஒரு படியைச் சரக்கிருப்பு அறிக்கையுடன் சேர்த்துக் கிளைக்குக் கொண்டுவருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முகூர்த்தப் பருவத்திற்கு முன் சில மாதங்களுக்கு மட்டும் கூடுதல் வரம்பு வேண்டுவோர், பருவம் தொடங்கிய பின் அவசரமாக விண்ணப்பிப்பதைவிட, தறிக்கு ஆணை கொடுக்கும் போதே விண்ணப்பிப்பது நல்லது. எத்தனை சேலை, எந்த மாதம் இறங்கும், எந்த மாதம் விற்கும், எந்த மாதம் கடன் பழைய அளவுக்குத் திரும்பும் என்ற நான்கு விவரங்களும் அத்தாளில் ஏற்கனவே இருக்கும். எங்கள் அலுவலர் கேட்கும் முதல் நான்கு கேள்விகளும் அவையே.